காகிதத்தில் ஜெயித்த கார்டு

2016 ஜூன் 29ஆம் தேதி ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆர்எக்ஸ் 480 கிராஃபிக்ஸ் கார்டு கடைக்கு வந்தது. சரியாக இருபது நாள் கழித்து, ஜூலை 19இல், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 வந்தது. 8 ஜிபி மெமரி கொண்ட 480க்கு அமெரிக்காவில் 239 டாலர். 6 ஜிபி மெமரி கொண்ட 1060க்கு 249 டாலர். கேம் நன்றாக ஓட வேண்டும், ஆனால் கார்டுக்காகச் சொத்தை எழுதிவைக்க முடியாது என்று நினைத்தவர்கள் எல்லோரும் அந்த வருஷம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு தவித்தார்கள்.

பெட்டியில் இருந்த எண்களை மட்டும் பார்த்திருந்தால் தவிக்கவே வேண்டியதில்லை. 480இன் சிப்பில் 570 கோடி டிரான்சிஸ்டர்கள். 1060இல் 440 கோடி. கணக்குப் போடும் கோர்கள் அங்கே 2304, இங்கே 1280. வினாடிக்கு எத்தனை கணக்கு என்று சொல்லும் டெராஃப்ளாப்ஸ் அங்கே 5.8, இங்கே 4.4. மெமரியிலிருந்து வினாடிக்கு அள்ளக்கூடிய தகவல் அங்கே 256 ஜிபி, இங்கே 192 ஜிபி. கணக்கு வேகத்திலும் மெமரி வேகத்திலும் 480க்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பலம். விலையோ பத்து டாலர் குறைவு.

கேம்களில் ஓட்டிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் 1060 முன்னால் நின்றது. பெரிய தூரம் இல்லை, சராசரியாகப் பத்து சதவீதத்தை ஒட்டி. இருந்தாலும் முன்னால். அது போதாதென்று 1060 தின்ற மின்சாரமும் குறைவு: 120 வாட். 480க்கு 150 வாட்.

எண்கள் பொய்யா என்றால், ஒன்றுகூடப் பொய் இல்லை. அதனால்தான் பத்து வருஷப் பழைய இந்தச் சண்டையை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறேன். இரண்டு கார்டுகளை ஒப்பிடுவது என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

கார்டின் வேலையிலிருந்து தொடங்குவோம். 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் இந்தக் கணம் என்ன நிறம் என்று முடிவு செய்ய வேண்டும். வினாடிக்கு 60 படம் வேண்டுமென்றால், வினாடிக்கு 12 கோடியே 44 லட்சம் நிற முடிவுகள். ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது வினாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு. வகுத்துப் பாருங்கள்: 480இடம் ஒரு புள்ளிக்குச் சுமார் 47,000 கணக்குகளுக்கான பலம் இருக்கிறது. 1060இடம் 35,000. சுவரில் விழும் வெளிச்சம், அதன் மேல் ஒரு நிழல், தூரத்தில் கொஞ்சம் மூடுபனி என்று ஒரு புள்ளிக்கு வேண்டியதையெல்லாம் போட்டு முடிக்க 35,000 கணக்கே தாராளம். அவ்வளவும் கைக்கு வந்தால்.

வருவதில்லை. டெராஃப்ளாப்ஸ் என்பது யாரும் அளந்து சொன்ன எண் அல்ல. பெருக்கிச் சொன்ன எண். 2304 கோர், வினாடிக்கு 126 கோடியே 60 லட்சம் துடிப்பு, ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சேர்த்து இரண்டு கணக்கு. மூன்றையும் பெருக்கினால் 5.8 லட்சம் கோடி வரும். ஒரு கோர்கூட ஒரு துடிப்புகூடச் சும்மா இருக்கவில்லை, வந்த வேலையெல்லாம் பெருக்கிக் கூட்டும் வேலையாகவே வந்தது என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஊரில் இத்தனை பேருக்குக் கை இருக்கிறது, ஆகவே இத்தனை ஏக்கர் இன்றைக்கு நட்டாகிவிடும் என்று சொல்வது மாதிரி.

நடவு என்று சொன்னதும் வேண்டுமென்றேதான். கிராஃபிக்ஸ் சிப்புக்குள் நடப்பது நடவு வயலில் நடப்பதற்கு ரொம்பவும் பக்கம். பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்று, ஒரே நேரத்தில் நட்டு, ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் வைப்பார்கள். ஒருத்தி தாமதித்தால் வரிசையே நிற்கும். சிப்பிலும் கோர்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. வரிசை வரிசையாகத்தான் செய்கின்றன. ஒரு வரிசைக்கு ஒரே கட்டளை. என்விடியாவின் வரிசையில் 32 பேர். 480 காலத்து ஏஎம்டி வரிசையில் 64 பேர்.

பெரிய சதுர வயலில் 64 பேர் வரிசை கொடுத்துவைத்தது. வரப்பு வளைந்து, மூலை குறுகி, பத்துப் பேர் நிற்கத்தான் இடமிருக்கிறது என்றால் மீதி 54 பேர் கரையில் நிற்பார்கள். கூலி மட்டும் ஓடும். கேமில் இந்தக் குறுகிய மூலை அடிக்கடி வரும். வேலை 64இன் மடங்காக வராது. வரிசையில் பாதிப் பேருக்கு நிழலில் இருக்கும் புள்ளி, பாதிப் பேருக்கு வெயிலில் இருக்கும் புள்ளி என்று வந்தால், முதலில் நிழல்காரர்கள் வேலை செய்ய வெயில்காரர்கள் காத்திருப்பார்கள், பிறகு மாற்றி. வரிசை நீளமாக இருக்க இருக்க இப்படிக் காத்திருக்கும் கைகளும் அதிகம். அதோடு, 480இல் ஒரு வரிசையின் ஒரு கட்டளை முடிய நான்கு துடிப்பு ஆகும். சிப்பை முழுக்க ஓடவைக்க எப்போதும் ஏகப்பட்ட வரிசைகள் தயாராக நின்றுகொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது துடிப்பு. 1060இன் பெட்டியில் 1708 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தார்கள். ஓட்டினால் 1800ஐத் தாண்டிப் போனது. 480இன் பெட்டியில் 1266. அது உச்சவரம்பு. ஏஎம்டியே செய்து விற்ற முதல் கார்டுகளில் மின்சாரமும் சூடும் பிடித்து இழுத்ததால் அந்த எண்ணில் தொடர்ந்து நிற்க முடியவில்லை. 480 சுமார் 1200இலும் 1060 சுமார் 1850இலும் ஓடுவதாக வைத்துக்கொண்டு பழைய பெருக்கலை மறுபடி போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்காக இருந்த முன்னிலை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இன்னும் ஒரு கேமைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் பாதி போயிற்று.

மெமரி விஷயம் இதைவிட ருசியானது. வினாடிக்கு 256 ஜிபி அள்ளக்கூடிய கார்டு 192 ஜிபி கார்டிடம் எப்படித் தோற்றது? சமையலறையில் அஞ்சறைப் பெட்டி எதற்கு இருக்கிறது என்று யோசித்தால் புரியும். கடுகு தாளிக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்குப் போய் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தால் எண்ணெய் கருகிவிடும். சிப்புக்குள் இருக்கும் கேஷ் மெமரிதான் அந்த அஞ்சறைப் பெட்டி. சிப்புக்கு வெளியே இருக்கும் 6 ஜிபி, 8 ஜிபி எல்லாம் ஸ்டோர் ரூம்.

2016 ஆகஸ்டில் டேவிட் கான்டர் என்ற சிப் ஆய்வாளர் ஒரு சின்ன சோதனை நிரலை ஓட்டிக் காட்டினார். சில முக்கோணங்களை வரையச் சொல்லி, புள்ளிகள் எந்த வரிசையில் நிரம்புகின்றன என்று நடுவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஏஎம்டி கார்டு முதல் முக்கோணத்தை முழுக்க வரைந்து முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போனது. என்விடியா கார்டு அப்படிச் செய்யவில்லை. திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்குள் விழும் எல்லா முக்கோணங்களையும் அங்கேயே வரைந்து முடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்தைத் தொட்டது. ஒரு கட்டம் என்பது சின்ன இடம். அதற்கு வேண்டியதெல்லாம் அஞ்சறைப் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். ஸ்டோர் ரூமுக்குப் போகும் நடை குறையும். 2014இல் வந்த மேக்ஸ்வெல் தலைமுறையிலிருந்தே என்விடியா இதைச் செய்துவந்திருக்கிறது. வெளியே மூச்சு விடவில்லை. ஒரு பெரிய தொழில் ரகசியத்தை முக்கோணம் வரைந்தே ஒரு மனிதர் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றைக்கும் ரசிக்கத் தகுந்த செய்தி.

வேடிக்கை என்னவென்றால், 480இன் பெட்டிதான் பெரியது. இரண்டாம் நிலைக் கேஷ் அதில் 2 எம்பி, 1060இல் 1.5 எம்பி. ஆனால் 480இல் புள்ளிக்கு நிறத்தை எழுதும் பகுதி அந்தப் பெட்டியைத் தொடாமல் நேராக ஸ்டோர் ரூமுக்கே போய்வரும்படி அமைந்திருந்தது. அடுத்த ஆண்டு வந்த வேகா சிப்பில்தான் ஏஎம்டி அதை மாற்றியது.

இதோடு சுருக்கி எழுதும் தந்திரமும் உண்டு. நீல வானத்தின் ஒரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு புள்ளியை முழுசாக எழுதி, மற்றவற்றுக்கு வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். இரண்டு நிறுவனங்களும் இதைச் செய்தன. என்விடியா இன்னும் கெட்டியாகச் செய்தது.

இதுவரைக்கும் சிப்பின் கதை. ஆனால் நடவு வயலில் நடுகிற பெண்கள் மட்டுமா இருக்கிறார்கள்? நாற்றங்காலில் நாற்றைப் பறித்து, முடியாகக் கட்டி, வயலுக்குள் வீச ஓர் ஆள் வேண்டும். முடி வந்து விழவில்லையென்றால் எத்தனை பெரிய வரிசையும் இடுப்பில் கைவைத்து நிற்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரில் முடி வீசும் ஆள் பிராசஸர். முடி கட்டும் முறையை அவருக்குச் சொல்லிக்கொடுப்பது டிரைவர் என்ற மென்பொருள். அந்தக் காலத்து கேம்களில் பெரும்பாலானவை டைரக்ட்எக்ஸ் 11இல் எழுதப்பட்டவை. அதில் முடி வீசும் வேலை கிட்டத்தட்ட ஒரே ஆள் தலையில் விழும். என்விடியாவின் டிரைவர் அந்த வேலையைத் தனக்குள் பிரித்து, பிராசஸரின் மற்ற கோர்களுக்கும் கொஞ்சம் தள்ளிவிட்டது. ஏஎம்டியின் டிரைவர் ஒரு கோரையே நம்பியிருந்தது. விலை குறைந்த பிராசஸரில் போட்டால் 480 இன்னும் சோர்ந்துபோனதற்கு இதுதான் காரணம். 239 டாலர் கார்டு வாங்குகிறவர் வீட்டில் விலை உயர்ந்த பிராசஸரா இருக்கும்? பத்திரிகைச் சோதனைக் கூடத்தில் இருக்கும்.

அதே ஜூலை மாதம் 11ஆம் தேதி டூம் என்ற கேமுக்கு ஒரு புதுத் திருத்தம் வந்தது. அதுவரை ஓப்பன்ஜிஎல் என்ற பழைய முறையில் ஓடிய கேம் இனி வல்கன் என்ற புது முறையிலும் ஓடும். வல்கனில் முடி வீசப் பல ஆட்கள் இறங்கலாம். டிரைவரின் குறுக்கீடு குறைவு. கேமை எழுதியவர்களே சிப்போடு நேரடியாகப் பேசுகிறார்கள். 480இன் வேகத்தில் கால் பங்கு அளவுக்கும் அதற்கு மேலும் ஏற்றம் கண்டதாகப் பலர் எழுதினார்கள். கார்டு அதே கார்டு, கேம் அதே கேம். டூமில் இப்போது 480 முன்னால், 1060 பின்னால்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 480ஐ முழுக்க ஓடவைக்க ஏகப்பட்ட வரிசைகள் தயாராக நிற்க வேண்டும் என்றது நினைவிருக்கிறதா? வரிசைகள் போதாமல் சும்மா கிடக்கும் கோர்களுக்கு வேறொரு வேலையின் வரிசைகளை அனுப்பும் ஏற்பாடு ஏஎம்டி சிப்பில் முதலிலிருந்தே இருந்தது. படம் வரையும் வேலை ஒரு பக்கம் நடக்க, ஒளிக் கணக்குகளை இடைவெளிகளில் நுழைத்துச் செய்துகொள்ளலாம். அசிங்க் கம்ப்யூட் என்று பெயர். பழைய டைரக்ட்எக்ஸ் 11 வழியாக இதைக் கேட்கவே முடியாது. புது முறைகளில் கேட்கலாம். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டின் வயிற்றிலும் ஏஎம்டியின் இதே வம்சத்துச் சிப்தான் என்பதால் கேம் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கலை கொஞ்சம் கொஞ்சமாகக் கைவந்தது. வருஷம் போகப் போக, புதுக் கேம்கள் வர வர, 480 இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. வைத்து வைத்துக் குடித்தால் ருசி கூடும் ஒயின் மாதிரி என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். வாங்கிய நாளிலேயே கிடைத்திருக்க வேண்டிய வேகம் மூன்று வருஷம் கழித்து வந்ததற்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று எனக்குத் தோன்றும். கடனாகக் கொடுத்த பணம் திரும்பி வந்தால் அதை லாபம் என்று எழுதுவார்களா?

சக்கரம் சுற்றும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2021இல் ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் என்ற ஆஸ்திரேலிய யூடியூப் சேனல் பழைய, மெதுவான பிராசஸர்களில் புதுக் கார்டுகளைப் போட்டுப் பார்த்தது. வல்கனைப் போன்ற புது முறையான டைரக்ட்எக்ஸ் 12இல் எழுதிய கேம்களில் இந்த முறை என்விடியா டிரைவர்தான் பிராசஸருக்கு அதிகப் பாரமாக இருந்தது.

கேமை விட்டுவிட்டு வேறொரு வேலைக்கு வருவோம். இந்த ஒரு வேலையில் மட்டும் பெட்டியின் எண்கள் கிட்டத்தட்ட அப்படியே நிஜமாயின. 2017இல் ஈத்தரியம் நாணயத்துக்காக உலகமெங்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கட்டிவைத்துக் கணக்குப் போடவிட்டார்கள். அந்தக் கணக்கின் பெயர் ஈத்தாஷ். ஒரு ஜிபிக்கும் பெரிய ஓர் அட்டவணையில் எங்கெங்கோ தாவித் தாவி 64 இடங்களைப் படிக்க வேண்டும்; ஓர் இடத்தில் 128 பைட். அடுத்து எங்கே தாவுவோம் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே அஞ்சறைப் பெட்டியால் பயனில்லை. கட்டம் கட்டமாக வரையும் சாமர்த்தியத்துக்கும் வேலையில்லை. ஸ்டோர் ரூம் வாசல் எவ்வளவு அகலம் என்பது மட்டும்தான் கணக்கு. ஒரு விடைக்கு 64 முறை 128, அதாவது 8192 பைட். 256 ஜிபியை அதால் வகுத்தால் வினாடிக்கு 3 கோடியே 12 லட்சம் விடைகள். 192 ஜிபியை வகுத்தால் 2 கோடியே 34 லட்சம். கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் என்ற மென்பொருளைத் திருத்தி மெமரியை முடுக்கிவிட்டவர்களின் 480 கார்டுகள் 3 கோடியை நெருங்கி ஓடின. 1060 இரண்டு கோடியைச் சற்றுத் தாண்டியது. ஏஎம்டி கார்டுகள் கடையிலிருந்து காணாமல் போய், விலை எகிறியது. டூம் விளையாட 480 வேண்டும் என்று காத்திருந்தவர்கள் வேறு வழியின்றி 1060 வாங்கினார்கள். 1060 பல வருஷம் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் முதலிடத்தில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அப்படியானால் எதை அளப்பது? வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எஃப்பிஎஸ் கணக்கைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதிலும் ஓட்டை இருக்கிறது. ஒரு கார்டு ஒரு வினாடியில் 60 ஃபிரேம் போடுகிறது, ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவினாடி. இன்னொரு கார்டு 59 ஃபிரேமை 14 மில்லிவினாடிக்கு ஒன்றாகச் சரசரவென்று போட்டுவிட்டு, அறுபதாவது ஃபிரேமில் 174 மில்லிவினாடி விக்கித்து நிற்கிறது. கூட்டிப் பாருங்கள், அதுவும் ஒரு வினாடிதான், அதுவும் 60 எஃப்பிஎஸ்தான். முதல் கார்டில் விளையாடுகிறவருக்கு ஆட்டம் எண்ணெய் வழுக்கலாக இருக்கும். இரண்டாவதில் எதிரி சுடும் நேரம் பார்த்துத் திரை உறையும்.

2011இல் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன் இதை எடுத்துச் சொன்னார். வினாடியைப் பார்க்காதீர்கள், வினாடிக்கு உள்ளே பாருங்கள், ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கோடாக வரையுங்கள் என்றார். வரைந்தபோது, சராசரியில் அண்ணன் தம்பி மாதிரி இருந்த கார்டுகளில் ஒன்றின் கோடு சமவெளியாகவும் இன்னொன்றின் கோடு பனைமரத் தோப்பாகவும் இருந்தது. நிறுவனங்கள் டிரைவரைத் திருத்த ஓடின. இன்றைக்கு எல்லாச் சோதனைகளிலும் சராசரிக்குப் பக்கத்தில் ‘ஒரு சதவீதத் தாழ்வு’ என்று ஓர் எண் வருகிறதே, மிக மோசமான நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் வேகம், அதன் வேர் இங்கேதான். வாசன் பிறகு ஏஎம்டியிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

பல கேம்களின் எண்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்குவதிலும் ஒரு குழி இருக்கிறது. ஒரு கேமில் முதல் கார்டு 200, இரண்டாம் கார்டு 100. இன்னொரு கேமில் முதல் கார்டு 50, இரண்டாம் கார்டு 100. ஒன்றில் இரண்டு மடங்கு ஜெயிப்பு, மற்றதில் இரண்டு மடங்கு தோல்வி, சரிக்குச் சரி. கூட்டி இரண்டால் வகுத்தால் 125க்கு 100 என்று முதல் கார்டு கோப்பையைத் தட்டிக்கொண்டு போகும். ஏற்கெனவே வேகமாக ஓடும் லேசான கேம், அது சின்னப்பிள்ளை விளையாட்டாகவே இருந்தாலும், கூட்டுத்தொகையை இழுத்துவிடுகிறது. விகிதங்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மை வெளிவரும்: 1க்கு 1. பெருக்குச் சராசரி என்று பள்ளியில் படித்து, எதற்கு என்று தெரியாமல் மறந்துபோன அதே கணக்கு.

இரண்டு கார்டும் ஒரு கேமில் 140 எஃப்பிஎஸ் காட்டி ஒட்டிக்கொண்டு நின்றால், இரண்டும் சமம் என்று எழுதிவிடக் கூடாது. அனேகமாக அது பிராசஸரின் எண். முடி வீசுகிறவர் களைத்துவிட்டார். திரையின் அளவைக் கூட்டி, புள்ளிகளை நான்கு மடங்காக்கிப் பாருங்கள். அப்போதுதான் கார்டுகள் பிரியும். இதற்கு நேரெதிரான பள்ளமும் உண்டு. கேமுக்கு 7 ஜிபி மெமரி வேண்டும், கார்டில் இருப்பது 6 என்றால், மிச்சத்தை மதர்போர்டு வழியாகக் கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்து கொண்டுவர வேண்டும். கார்டுக்குள் வினாடிக்கு 192 ஜிபி. அந்தச் சாலையில் 16 ஜிபிகூட இல்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு. வேகம் படிப்படியாகக் குறையாது. பள்ளத்தில் விழுந்த மாதிரி விழும். 2016இல் 480இன் 8 ஜிபி வீண் ஆடம்பரம் என்று பலர் எழுதினார்கள். பின்னால் வந்த கேம்கள் அந்த 8 ஜிபியைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

ஏமாற்று வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. அதில் இரண்டு குடும்பங்களுக்கும் பங்குண்டு. பின்னாளில் ஏஎம்டி வாங்கிய ஏடிஐ நிறுவனம் 2001இல் ரேடியான் 8500 கார்டை விட்டது. அன்றைய கார்டுகளையெல்லாம் குவேக் 3 என்ற கேமில்தான் அளப்பார்கள். ஹார்ட்ஓசிபி தளத்தார் அந்தக் கேம் கோப்பில் ‘குவேக்’ என்று இருந்த பெயரை ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டினார்கள். வேறொன்றையும் தொடவில்லை. வேகம் இறங்கிவிட்டது, படம் தெளிவாகிவிட்டது! வந்திருப்பது குவேக் என்று பெயரைப் பார்த்துத் தெரிந்துகொண்ட டிரைவர், படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக் காட்டியிருந்தது.

2003இல் என்விடியாவின் முறை. ஃபின்லாந்தின் ஃபியூச்சர்மார்க் நிறுவனம் வெளியிட்ட 3டிமார்க் 03 என்ற சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். கேமரா திரும்பாத பக்கத்தில் வானத்தை வரைந்தால் என்ன, வரையாவிட்டால் என்ன? என்விடியாவின் டிரைவர் வரையவில்லை. கேமராவை நிறுத்தி வேறு பக்கம் திருப்பக்கூடிய பதிப்பை வைத்துப் பார்த்தவர்களுக்கு வானத்தில் ஓட்டை தெரிந்தது. அந்தத் தந்திரங்களை முறியடிக்கும் திருத்தத்தைப் போட்டதும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் சுமார் 24 சதவீதம் விழுந்தது. சில நாளிலேயே இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. ஏமாற்று என்ற சொல் மறைந்து, ‘குறிப்பிட்ட மென்பொருளுக்கான மேம்படுத்தல்’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது. ஒரு கேமுக்கென்று டிரைவரைத் தீட்டுவது இன்றைக்கு மாதாமாதம் வெளிப்படையாக நடக்கிறது, நாமும் ஆவலோடு இறக்கிக்கொள்கிறோம். படம் கெடாதவரைக்கும் அது தீட்டல், கெட்டால் திருட்டு.

மின்சாரத்தையும் சூட்டையும் கடைசிக்கு வைத்தேன். நம் ஊருக்கு அதுதான் முக்கியம். 480இன் முதல் கார்டுகளுக்கு 75 வாட் மதர்போர்டிலிருந்தும், இன்னொரு 75 வாட் ஆறு ஊசி ஒயரிலிருந்தும் வர வேண்டும். மொத்தம் 150. கார்டின் தேவையும் 150. கையில் சில்லறைகூட மிச்சமில்லாத பட்ஜெட். அளந்தவர்கள், கார்டு அந்த வரம்பைத் தாண்டி மதர்போர்டிலிருந்து உறிஞ்சுவதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரம் போல் கழித்து ஏஎம்டி புது டிரைவர் விட்டுப் பாரத்தை ஒயர் பக்கம் நகர்த்தியது.

1060 சூட்டுக்குப் பயப்படும் கார்டு. தன் வெப்பத்தைத் தானே பார்த்துக்கொண்டு, ஏற ஏற 13 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு இறங்கும். 83 டிகிரியைத் தொடாமல் இருக்கப் பார்க்கும். வெளிநாட்டுச் சோதனை அறைகள் 20, 22 டிகிரியில் இருக்கின்றன. மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறையில், கம்ப்யூட்டரைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கும் வீட்டில் அந்த எண்களை எதிர்பார்க்க வேண்டாம். சோதனை செய்வதானால் ஜில்லென்று இருக்கும் கார்டின் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; கால் மணி நேரம் காய்ந்த பிறகு அளப்பதுதான் அளவு. மூன்று முறை ஓட்டி மூன்றும் ஒத்துவந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. ஒரே பெயரில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கார்டுகளுக்கு நடுவிலேயே அவ்வளவு இருக்கும்.

பெயர் என்றதும் ஒரு எச்சரிக்கை. 1060 என்ற பெயரில் 3 ஜிபி கார்டு ஒன்றும் ஆகஸ்டில் வந்தது. மெமரி மட்டும் பாதி என்று நினைத்து வாங்கினார்கள். கோர்களும் 1280இலிருந்து 1152ஆகக் குறைக்கப்பட்டிருந்தன. பெயரில் அதற்கு ஓர் எழுத்து அடையாளமும் இல்லை.

இரண்டு கார்டுகளும் பழைய சரக்காகக் கைமாறுகின்றன. சென்னை ரிச்சி தெருவில் யாராவது 480 ஒன்றை மலிவாகக் காட்டினால், அது ஈத்தரியம் வயலில் உழைத்த மாடாக இருக்கலாம். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி ஈத்தரியம் ஈத்தாஷ் கணக்கு முறையையே கைவிட்டது. வேலையிழந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் பலவற்றின் பயாஸ், மெமரி வேகத்துக்காகத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தோடு கேமை ஓட்டினால் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, திடீரென்று திரையில் பூ பூவாகப் பூக்கும். வாங்குமுன் அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முடியாது என்றால் வாதாட வேண்டாம், அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.